இன்சூர் செய்து அனுப்பிய நாய்

இந்த ஊரில் வீட்டு ஜன்னல்களில் நாய்கள் உட்கார்ந்திருக்கும். குரைக்காது, வாலாட்டாது, கண்ணிமைக்காது. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்கு வந்த புதிதில், காலை ஷிப்டுக்கு நடந்து போகும்போது, எங்கள் தெருமுனை வீட்டு ஜன்னலிலிருந்து ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, செம்பட்டைக் காது, கழுத்தில் தங்கச் சங்கிலி. நாய் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து உதறல். எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனேன். மறுநாளும் அப்படியே. பிறகொரு நாள் எதிர்ப்பக்கத்தில் பள்ளம் தோண்டியிருந்ததால் அந்த ஜன்னலை ஒட்டியே நடக்க வேண்டி வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது பீங்கான். விருத்தாசலத்தில் பிறந்து, பீங்கான் கம்பெனிகளின் தூசியில் ஸ்கூலுக்கு நடந்த ஒருத்தி, ஒரு பீங்கான் பொம்மைக்குப் பயந்து தெரு மாறி நடந்திருக்கிறாள். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதான்.

அக்கா தனலட்சுமியும் அவள் கணவர் சேகர் மாமாவும் விருத்தாசலத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துப் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். யானை, குதிரை, பிள்ளையார், தலையாட்டும் செட்டியார். என் நாய்க் கதையைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. போனை அவளிடமிருந்து வாங்கி, "அந்த ஊருல எல்லா வூட்லயும் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலேகூட நிறைய பேர் வைத்திருக்கிறார்கள் என்றேன். வீட்டையெல்லாம் விற்றுவிட்டு ஒற்றை அறைக்கு வரும்போதும் இந்த நாய்களை மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். "அப்ப ஒண்ணு வாங்கி அனுப்பு செல்வி. பாத்து செஞ்சா ஏத்துமதி ஆர்டர் புடிக்கலாம். யானையும் குதிரையும் எத்தன நாளைக்கு?" என்றார் மாமா. பீங்கான் ஊருக்கு இங்கிருந்து பீங்கான் அனுப்புவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமா என்னிடம் எதையும் கேட்கிறவர் அல்ல.

கடைகளில் விசாரித்தால் கிட்டத்தில் போக முடியாத விலை. இணைய ஏலத்தில் பார்க்கச் சொன்னாள் கூட வேலை செய்யும் பெண். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நூலகத்தில் முறை போட்டு உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாத ஒருவர் என் விலையை மிதித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு ஏலம் கேட்டேன். கடைசியில் எனக்கே விழுந்தது. ஜோடியாகத்தான் விற்றார்கள், ஒன்று இடப்பக்கம் பார்க்கும், மற்றது வலப்பக்கம் பார்க்கும். விற்ற பெரியவர் மின்னஞ்சலில், 'நல்ல வீட்டுக்குத்தானே போகிறது?' என்று கேட்டிருந்தார். நான் அதற்கு, வாடகை வீடுதான், ஆனால் ஈரம் ஏறாது, ஜன்னல் கதவெல்லாம் இறுக்கமாக மூடும் என்று விலாவாரியாகப் பதில் எழுதினேன். அவர் கேட்டது அன்பாகப் பார்த்துக்கொள்வீர்களா என்பதைத்தான் என்று பிறகு என் கணவர் சொன்னார்.

இரண்டையும் அனுப்பத் தபால் செலவு கட்டுப்படியாகவில்லை. மாதிரிக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். அக்கா அப்போதே முனகினாள், "ஜோடியப் பிரிக்காதடி, நல்லா இருக்காது" என்று. நான் கேட்கவில்லை. பார்சல் கடைக்காரர் உள்ளே என்ன என்றார். நாய் என்றேன். உயிருள்ளதை அனுப்ப முடியாதே என்றார் முகம் மாறாமல். பீங்கான் நாய் என்று நான் பதறிப்போய்ச் சொன்ன பிறகுதான் அவர் வேடிக்கைக்குக் கேட்டார் என்பது புரிந்தது. இங்கே வேடிக்கையும் அதிகாரமும் ஒரே முகத்தோடு பேசும். நான் எப்போதும் அதிகாரம் என்றே எடுத்துக்கொள்வேன். இவ்வளவு தூரம் போகிற உடையும் பொருளுக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்தேன். அந்தச் சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பொருள் உடைந்தால், உடைந்த துண்டுகளையும் பெட்டியையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். நான் அதைப் படிக்கவும் செய்தேன். அதனால் பிற்பாடு நடந்ததற்குப் படிக்காததைக் காரணம் சொல்ல முடியாது.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று அக்காவே போன் செய்தாள். அவள் இங்கே கூப்பிட்டால் நல்ல செய்தி இருக்காது.

"பொட்டி வந்துச்சுடி. ஆனா நாயிக்குக் கழுத்து போயிடுச்சு."

"எப்படிக்கா? அவ்ளோ பத்திரமா கட்டுனேனே!"

"என்னத்தக் கட்டுன? தலை தனியா இருக்குது, ஒடம்பு தனியா இருக்குது. நான்தான் அப்பவே சொன்னேன்ல."

"சரி வுடுக்கா, இன்சூரன்ஸ் பண்ணியிருக்கேன். ஒண்ணையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒடஞ்ச துண்டு, பொட்டி, எதையுமே. மாமாகிட்டயும் சொல்லிடு."

"நாங்க எதடி தூக்கிப் போட்டிருக்கோம்?" என்றாள் அக்கா.

அது உண்மைதான். எங்கள் ஊரில் பீங்கானைத் தூக்கிப் போடுவதில்லை. என் அப்பா, வீட்டு மெயின் போர்டில் மாட்டும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் இருந்தார். சூளை பிரிக்கும் நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். சட்டை பொசுங்கும் சூட்டில் சரக்கை வெளியே எடுத்து வைப்பார்கள். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் ஒரு பக்கம், சத்தம் செத்திருந்தால் ஒரு பக்கம். எந்தச் சூளையிலும் கொஞ்சம் உடைந்துதான் வரும். அதற்காக யாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜங்ஷனுக்குப் போகும் வழியில் பாதி வீடுகளின் வாசலில் சகதிக்குப் பீங்கான் சில்லுதான் கொட்டியிருக்கும். அங்கே உடைவது என்பது தினசரி நடப்பு. இங்கேதான் உடைந்த பொருளுக்கு ஒரு எண் கொடுக்கிறார்கள், கோப்பு திறக்கிறார்கள், அது உயிரோடு இருந்தபோது இல்லாத மரியாதையெல்லாம் கொடுக்கிறார்கள்.

நானும் இழப்பீடு கேட்டுப் படிவம் நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்தக் கோப்புக்கு ஒரு போட்டோ வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது. ஊரில் எடுத்து எனக்கு அனுப்பி, நான் நூலகத்தில் முறை கிடைக்கும்வரை காத்திருந்து, அதன்பிறகு அவர்களுக்கு அனுப்புவதற்குள் கெடு தாண்டிவிடும் என்ற பயத்தில், கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியையே மாமாவிடம் கொடுத்தேன். "கம்பெனிக்காரங்க நாயப் பாக்கணும்கிறாங்க மாமா, ஒரு போட்டோ புடிச்சு பிரவுசிங் சென்டர்லருந்து அனுப்பிடுங்க" என்றேன். சரி என்றார். சில வாரம் கழித்து, கெடு முடிகிற சமயத்தில்தான் அனுப்பினார். நான் அந்தப் போட்டோவைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. தாங்கள் அனுப்பிய படத்தில் பொருள் சேதமின்றிக் காணப்படுகிறது. தங்கள் கோரிக்கைப் படிவத்தில் சீர்செய்ய முடியாதபடி உடைந்தது என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இதற்கு விளக்கம் தேவை. பொருளை நேரில் ஆய்வு செய்ய விரும்புகிறோம். பொய்க் கோரிக்கைகள் உரிய துறைக்குத் தெரிவிக்கப்படும். கடிதம் அவ்வளவுதான், அதிலும் கடைசி வரி பொதுவாக எல்லாருக்கும் போடுகிற வரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் பயந்துபோய் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏன் என்று ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். என்னைப்போல் வந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அந்தச் சமயத்தில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் எங்களிடம் இல்லை. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். பாஸ்போர்ட் கையில் இல்லாத மாதங்களில் மனிதர் நடக்கிற நடையே மாறிவிடும். என் கணவர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே இருப்பார். நான் நூலகப் புத்தகத்தைக் கெடுவுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படி இருந்த வீட்டில், ஏமாற்றுக்காரி என்று என் பெயர் எங்கேயாவது பதிந்துவிட்டால்? 'நாயால் நாடு கடத்தப்பட்டவள்' என்று அவர் கேலி செய்யப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. இல்லத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெயரையும் மறுபடி மறுபடி சரிபார்த்தேன். என் கையை நானே நம்பவில்லை. போன் கார்டு வாங்கிக்கொண்டு வந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, நீங்க அனுப்புன போட்டோவுல நாயி முழுசா இருக்குதாம்."

"முழுசாதாம்மா இருக்கும். ஒடஞ்சதையா படம் புடிச்சு அனுப்புறது? வெள்ளக்காரன் பாக்குறான், நம்ம ஊரப் பத்தி என்ன நெனைப்பான்? அதான் புதுசா ஒண்ணு ஊத்தி, சுட்டு, சங்கிலிக்குத் தங்கக் கலரெல்லாம் குடுத்து எடுத்து அனுப்பிச்சேன். எப்படி இருக்குது?"

"அப்ப ஒடஞ்சது?"

"அத ஒட்ட வெச்சு மோல்டு எடுத்தேன்."

"எடுத்துட்டு எங்க வெச்சீங்க?"

"மோல்டு எடுத்தப்புறம் அது எதுக்கு? மில்லுல போட்டு அரைச்சு மண்ணுல கலந்தாச்சு. அந்த மண்ணுலதான் புது நாய ஊத்துனேன்."

"மாமா, தூக்கிப் போடாதீங்கன்னு அக்காகிட்ட அவ்ளோ சொன்னேனே!"

"தூக்கிப் போடலியே செல்வி. ஒரு துண்டுகூட வெளிய போவல" என்றார் மாமா. நிஜமாகவே வருத்தப்பட்ட குரல்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் பயமாக இருந்தது. சூளையில் உடைந்த சரக்கு மில்லுக்குப் போய், மாவாகி, அடுத்த மண்ணில் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பத்திரமாக வைத்திருங்கள் என்று பீங்கான்காரரிடம் சொன்னால் அவர் இப்படித்தான் வைத்திருப்பார். ஆனால் இதை இந்த ஊரில் எந்த அதிகாரியிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்றார் மாமா. பிறகு, "என்ன பண்ணணும், சொல்லு" என்றார். அந்தப் புது நாயை அனுப்பச் சொன்னேன். ஆய்வுக்குக் காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

விருத்தாசலம் தபால் ஆபீஸில் வெளிநாட்டுப் பார்சலுக்கு வெள்ளைத் துணி போட்டுத் தைக்கச் சொன்னார்களாம். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தைத்தாளாம். "நம்ம கட்டுனா ஒடையாது, இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று மாமா கேட்க, "அவ படுறது பத்தாதா? இன்சூர் பண்ணுங்க" என்று அக்கா சத்தம் போட்டிருக்கிறாள். துணி மூட்டையாக, தையலெல்லாம் சிவப்பு அரக்கு முத்திரையோடு அது எங்கள் வாசலுக்கு வந்தது. தபால்காரர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பிரித்தால் உள்ளே அக்காவின் பழைய சேலை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் நாய். ஒரு கீறல் இல்லை. சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அனுப்பாமல் வைத்திருந்த அசல் நாயையும் இந்தப் புது நாயையும் ஒரு பையில் வைத்து, மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக் போடும்போது பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை வாய்க்குள் ஓட்டிக்கொண்டே போனேன். ஜேனட் என்ற நடுத்தர வயதுப் பெண் என்னை எதிரில் உட்காரவைத்து, நாய்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அழகான ஜோடி" என்றாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்கு இரண்டு முழு நாய்கள் தெரிகின்றன, அம்மணி" என்றாள்.

அங்கே நான் சொல்ல வேண்டியிருந்தது என்ன தெரியுமா? இது அசல் இல்லை என்று. என் மாமா தன் ஷெட்டில், தன் சூளையில், எனக்காக மினுக்கி மினுக்கிச் செய்ததைப் போலி என்று நானே நிரூபிக்க வேண்டும். எவ்வளவு நன்றாக நிரூபிக்கிறேனோ அவ்வளவு நல்லது எனக்கு. கடைசியில் புது நாயைக் காட்டி, இது மற்றதைவிடச் சிறியதாக இருக்கிறதல்லவா, எங்கள் ஊரில் செய்தது என்றேன். பழைய ஜோடிகள் அச்சுப்போல ஒரே அளவில் இருப்பதில்லை என்று ஜேனட் சொன்னாள். இல்லை, செய்து முடித்த பொம்மையிலிருந்து மோல்டு எடுத்தால் அடுத்தது சிறியதாகத்தான் வரும், மண் காயும்போது சுருங்கும், நெருப்பில் இன்னும் சுருங்கும் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சிறிய நாயைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். இறக்கி வைத்தபோது அவள் கட்டைவிரல் கறுத்திருந்தது.

நாயின் காதுக்குப் பின்னால், சட்டென்று பார்த்தால் தெரியாத இடத்தில், கண்மைப் பொட்டு. அக்கா வைத்தது. ஊரை விட்டுப் புறப்படும்போது எனக்கும் அப்படித்தான் வைத்தாள். சென்னை விமான நிலையத்தில் யாரும் பார்க்கும் முன் நான் அதைத் துடைத்துக்கொண்டேன். ஜேனட் விரலைக் காட்டி இது என்ன என்றாள். நீண்ட தூரம் போகிற பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று என் அக்கா வைத்தது என்றேன். நாய்க்கா என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் ஒரு தாளால் விரலைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்படியானால் உடைந்த நாய் எங்கே?" என்று கேட்டாள்.

நான் சிறிய நாயைக் காட்டி, "இதற்குள்" என்றேன்.

மில்லைப் பற்றிச் சொன்னேன். மாவைப் பற்றிச் சொன்னேன். தூக்கிப் போடக்கூடாது என்று நான் சொன்னதையும், அவர்கள் ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போடாததையும் சொன்னேன். ஜேனட் எழுதுவதை நிறுத்திவிட்டு நாய்களைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு, கேட்காமலே, தன் அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர் என்றாள். அவர் கடலில் இருக்கும் நாட்களில் அவளுடைய அம்மா இந்த மாதிரி நாய்களை ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைப்பாளாம். வீடு வந்து சேர்ந்ததும் உள்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுவாளாம். இதை எதற்கு என்னிடம் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விசாரணையில் இதுவும் ஒரு தந்திரமோ என்று பயந்துகொண்டே பையைக் கட்டினேன்.

முடிவு கடிதத்தில் வந்தது. சேதமடைந்த பொருளைத் தனியாக ஆய்வு செய்ய இயலாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. இழப்பீடு கிடையாது என்ற கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருக்கும். அதன்பின் பாஸ்போர்ட்டும் வந்தது, வேண்டிய முத்திரையோடு. என் கணவர் அன்று பஸ் டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஊருக்குப் போன் செய்து சொன்னேன். மாமாவுக்குப் பாஸ்போர்ட்டைவிட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. "அந்தம்மா கண்டுபுடிச்சிடுச்சா, எது நம்மதுன்னு?"

"இல்ல மாமா. நான் சொல்லித்தான் தெரிஞ்சுது."

"அப்படியா!" என்று சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்பது அவருக்கு உறுத்தவேயில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பொட்டு அழிஞ்சிருக்கும், மறுபடி வெச்சியா?"

"வெச்சிட்டேன்."

"பெரிசுக்கு?"

"அது இந்த ஊரு நாயிக்கா."

"இருந்தா என்ன? நம்ம வூட்டுலதான இருக்குது? அதுக்கும் வைடி."

வைத்தேன். இரண்டையும் ஜன்னலில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அப்போதுதான் ஜேனட் சொன்னது நினைவுக்கு வந்து, எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று கையில் பிடித்தபடி நின்றேன். முத்திரை வந்துவிட்டது, இனி நாங்கள் இந்த வீட்டு ஆட்கள். அப்படியானால் உள்ளே பார்க்க வேண்டும். ஆனால் விருத்தாசலத்தில் ஒரு வீட்டில் நான் இன்னும் வந்து சேராதவள். அந்தக் கணக்கில் வெளியே பார்க்க வேண்டும். கடைசியில் பெரியதை அறையைப் பார்க்க வைத்தேன். சிறியதைத் தெருவைப் பார்க்க வைத்தேன். ஜோடி ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அக்காவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.